கஞ்சிக்கோட்டில் அடிபட்ட கார்: சர்வேயர் குறைத்த தொகையைக் கேட்டு வாங்குவது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, கஞ்சிக்கோட்டில் சிக்னல் போடாமல் இடப்பக்கம் திரும்பிய லாரியில் கார் மோதிவிட்டது. ஆளுக்கு அடி இல்லை. காருக்கு வயது மூன்று ஆண்டு நான்கு மாதம். பாகங்கள் பழசானதற்குக் கழிவு போடாமல் பணம் தரும் பம்பர் டு பம்பர் காப்பீடு எடுக்கவில்லை, சாதாரண முழுக் காப்பீடுதான். ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 2,48,000 ரூபாய். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் மதிப்பிட்டது 1,31,000 ரூபாய். "கம்பெனி பாதிப் பணத்தை விழுங்கப் பார்க்கிறது, பணம் பெற்றுக்கொண்டதாக வவுச்சரில் கையெழுத்துக் கேட்கிறார்கள், எஃப்.ஐ.ஆரும் வேண்டுமாம், கேரளாவில் நடந்ததால் எங்கே போய் முறையிடுவது என்றே தெரியவில்லை" என்கிறார்.

தம்பி, நான் எல்லையோரக் கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைக்காரன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போல வந்தவர்கள் பலரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மொத்தத் தொகையை வைத்துச் சண்டை போடாதீர்கள். வரி வரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுங்கள். "பாதிதான் கொடுத்தார்கள்" என்ற புகார் எந்த மேசையிலும் நிற்காது. "ரேடியேட்டரை ஏன் விட்டீர்கள்" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரும்புப் பாகங்கள் 72,000. பம்பர், கிரில், ஹெட்லைட், ஏர்பேக் என்று பிளாஸ்டிக், ரப்பர் வகையில் சேர்பவை 94,000. முன் கண்ணாடி 11,000. டிங்கரிங், பொருத்துக்கூலி 39,000. பெயிண்டிங் 32,000. பம்பர் டு பம்பர் இல்லாத பாலிசியில் தேய்மானம் கழிப்பார்கள். அந்த விகிதம் சர்வேயரின் விருப்பம் அல்ல, உங்கள் பாலிசியிலேயே அச்சிட்டிருக்கும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம். ஃபைபர் பாகங்களுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஓராண்டு வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. உங்களுடையது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பதால் 25.

ஆக இரும்பில் 18,000 போய் 54,000 நிற்கும். பிளாஸ்டிக்கில் பாதி போய் 47,000. கண்ணாடி முழுசாக 11,000. கூலி முழுசாக 39,000. பெயிண்டிங்கில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. மொத்தமாக ஒரே பில் போட்டிருந்தால் அதில் நான்கில் ஒரு பங்கைப் பெயிண்ட் விலை என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பங்கில் மட்டும் பாதியைக் கழிப்பார்கள். 32,000-இல் பெயிண்ட் விலை 8,000, கழிவு 4,000, மிச்சம் 28,000. எல்லாம் கூட்டினால் 1,79,000. உங்கள் கார் 1,500 சி.சி.க்கு உட்பட்டது, எனவே கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் போய் 1,78,000. கழற்றிய பழைய பாகங்களுக்கு ஒரு சிறு தொகை கழிப்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஸ்டிமேட்டுக்கும் சர்வேயரின் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் 1,17,000. அதில் 70,000 அண்ணன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படியே போனது. அதைக் கம்பெனியிடம் கேட்டு எங்கே போனாலும் கிடைக்காது. (வேறொரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.) உங்கள் உண்மையான வழக்கு 47,000 ரூபாய் வழக்கு. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆனால் 1,17,000 கேட்டு எழுதினால், "தேய்மானம் பாலிசி விதிப்படி கழிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்துவிடும். நியாயமான 47,000-உம் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். இப்படிக் கோட்டைவிட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த 47,000 எங்கே போனது என்று தெரிய, சர்வே அறிக்கையின் நகல் வேண்டும். பொள்ளாச்சிக் கிளையில் வாய்மொழியாகக் கேட்டு "அது உள் ஆவணம்" என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பாலிசிதாரர் எழுதிக் கேட்டால் நகல் தர வேண்டும். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்: "எங்கள் கிளெய்ம் தொடர்பான சர்வேயரின் இறுதி அறிக்கையையும், பாகம் வாரியான மதிப்பீட்டுத் தாளையும் அனுப்பிவையுங்கள்." கிளெய்ம் எண்ணைப் போடுங்கள். வாயால் கேட்டது எதுவும் கேட்டதாகக் கணக்கில் வராது.

ஒர்க்‌ஷாப் மேற்பார்வையாளர் உங்களுக்குக் காட்டிய தாளை வைத்துப் பார்த்தால் நான்கு இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் "பழைய சேதம்" என்று நீக்கப்பட்டதில் 18,000. இடது முன் கதவை மாற்றாமல் தட்டி நிமிர்த்தலாம் என்றதில் 12,000. கூலியில் 11,000. பெயிண்டிங்கில் 6,000. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ரேடியேட்டர் விஷயத்தில் நீங்கள் வலுவாக இருக்கிறீர்கள். இதை நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கஞ்சிக்கோட்டுச் சாலையில் காரின் மூக்குக்குக் கீழே பச்சையாக ஒரு திட்டு இருக்கிறது. அது கூலண்ட். ரேடியேட்டர் ஏற்கெனவே உடைந்திருந்தால் கோவையிலிருந்து அங்கே வரைக்கும் வண்டி வந்திருக்காது, வழியிலேயே கொதித்து நின்றிருக்கும். அந்தப் படத்தோடு, விபத்துக்கு முன் கடைசியாக விட்ட சர்வீஸின் பில்லை வையுங்கள். அதில் கசிவு என்று எதுவும் எழுதவில்லை என்றால் அதுவே சாட்சி. பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் ஃபாஸ்டேக் கணக்கில் பதிவாகியிருக்கும், அந்தப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நடுநிலையான சாட்சி வேறு இல்லை. இன்னொன்று: புதிதாக உடைந்த உலோகம் பளபளப்பாக இருக்கும், பழைய உடைப்பில் தூசியும் கறையும் ஏறியிருக்கும். உடைந்த விளிம்பைக் கிட்டத்தில் வெளிச்சம் படும்படி படம் எடுங்கள்.

கதவுக்கு ஒர்க்‌ஷாப்பின் எழுத்து வேண்டும். கதவுக்குள்ளே குறுக்காக ஒரு பாதுகாப்புக் கம்பி ஓடும், பக்கவாட்டில் மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பது அதுதான். அது வளைந்திருந்தாலும் கதவின் சட்டம் கோணிப்போயிருந்தாலும் தட்டி நிமிர்த்துவது ஆபத்து. தயாரிப்பாளரின் விதிப்படி இந்தக் கதவை மாற்றத்தான் வேண்டும் என்று அவர்கள் தலைப்புத்தாளில் காரணத்தோடு எழுதித் தரட்டும். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளித்தகடு மட்டும்தான் நசுங்கியது என்றால் சர்வேயர் சொல்வதே சரி, அந்த 12,000-ஐ விட்டுவிடுங்கள். இதைச் சொல்வதால் நான் கம்பெனி பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். தட்டி நிமிர்த்தக்கூடியதையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட்டை ஊத வைக்கும் ஒர்க்‌ஷாப்கள் உண்டு. நியாயமில்லாத ஒரு வரியை நீங்களே நீக்கிவிட்டு எழுதினால், மற்ற மூன்று வரிகளையும் படிக்கிறவர் நம்பிப் படிப்பார்.

கூலிக்கு, தயாரிப்பாளர் நிர்ணயித்த கூலி அட்டவணையின் நகலை ஒர்க்‌ஷாப்பிடம் வாங்குங்கள். வெளியே ரோட்டோரப் பட்டறையின் கூலியை எடுத்து அதிகாரபூர்வ ஒர்க்‌ஷாப்பின் பில்லைக் குறைத்திருந்தால் அது கேள்விக்கு உரியது. பெயிண்டிங்கில் எத்தனை பலகம் (பேனல்) என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு பலகம் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான்.

வண்டியைப் பிரித்துப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், வேலை தொடங்கவில்லை என்கிறீர்கள். வழக்கு முடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. வேலையைச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் கழற்றும் ஒவ்வொரு சர்ச்சைப் பாகத்தையும் வண்டி எண் தெரியும்படி வைத்துப் படம் எடுத்து, பழைய பாகங்களைத் தூக்கி எறியக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாகம் போய்விட்டால் சான்று போய்விட்டது. மிச்சப் பணத்தை நீங்கள் கட்டி, இறுதி பில்லும் ரசீதும் வாங்குங்கள். எஸ்டிமேட்டை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கட்டிய பில்லை வைத்துத்தான் சொல்வார்கள்.

வவுச்சரைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். "முழுமையான இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழ் சும்மா கையெழுத்துப் போடாதீர்கள். "1,31,000 ரூபாயைப் பகுதித் தொகையாக, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், மிச்சத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2015 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது: வவுச்சரில் கையெழுத்து வாங்கியதைக் காட்டி, கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் உரிமையை அடைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 1999-இல் ஒரு பஞ்சாலை வழக்கில், நிர்ப்பந்தத்திலோ மோசடியிலோ வாங்கிய கையெழுத்து நுகர்வோரின் உரிமையைப் பறித்துவிடாது என்றது. ஆனால் நிர்ப்பந்தம் என்று பின்னால் நிரூபிக்க அலைவதைவிட, முன்னாலேயே நான்கு வார்த்தை எழுதிவிடுவது எளிது.

"சர்வேயர் சொன்னால் சொன்னதுதான்" என்று கிளையில் சொன்னார்களாம். 2009-இல் பிரதீப் குமார் என்பவரின் லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நேர் எதிராகச் சொல்லியிருக்கிறது. சர்வே அறிக்கை இழப்பைக் கணக்கிட ஓர் அடிப்படை, ஆனால் அதிலிருந்து விலகவே முடியாத இறுதி வாக்கு அல்ல. சர்வேயரிடம் மரியாதைக் குறைவாகப் பேச வேண்டாம். அவர் உரிமம் பெற்ற தொழில்முறையாளர், புதுச் சான்றைக் காட்டினால் திருத்திய அறிக்கை தருகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் கடிதத்தை அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

இனி எஃப்.ஐ.ஆர். இது நம் எல்லைக்கே உரிய தலைவலி. தமிழ்நாட்டுப் பக்கம் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். கேரளாவில் ஆளுக்கு அடிபடாத விபத்துக்கு ஜி.டி. என்ட்ரி, அதாவது நிலையத்தின் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு. கேரளக் காவல்துறையின் செயலியிலேயே விண்ணப்பித்து வாங்கலாம். கேரளத்துக் கம்பெனிக் கிளைகளுக்கு அது பழகிய ஆவணம். தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிளையில் அதைப் பார்த்தவுடன் விழிப்பார்கள், மலையாளத்தில் வேறு இருக்கும். சொந்தக் கார்ச் சேதத்துக்கு மட்டும் கேட்கும் கிளெய்முக்கு எஃப்.ஐ.ஆர். இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. ஜி.டி. என்ட்ரியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து, பெயர்த்தவரின் கையெழுத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர் நம் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அதற்குப் பிறகும் எஃப்.ஐ.ஆர். கேட்டால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததையும் ஒரு குறையாகச் சொன்னார்கள் என்கிறீர்கள். விபத்து இழப்பீட்டை மறுக்க அது காரணமாகாது என்று 2020 ஆகஸ்டில் ஆணையமே விளக்கம் தந்திருக்கிறது.

முறையீட்டுக்கு வருவோம். விபத்து நடந்த இடம் கேரளா என்பதால் கேரளாவில்தான் முறையிட வேண்டும் என்பது தவறு. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர்களுக்கு இரண்டு வாரம் அவகாசம். அதே புகாரை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியுங்கள், 155255 என்ற இலவச எண்ணிலும் பதியலாம். ஆணையம் உங்கள் வழக்கைத் தீர்த்துவைக்காது, ஆனால் அங்கே பதிவாகிவிட்டால் கம்பெனிக்குள் கோப்பு நகரும். பதில் சரியில்லை என்றாலோ ஒரு மாதம் வரை பதிலே வரவில்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நடுவரான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். நீங்கள் பொள்ளாச்சி, கிளையும் பொள்ளாச்சி, எனவே சென்னை அலுவலகம். பாலிசி பாலக்காட்டுக் கிளையில் எடுத்திருந்தால் கொச்சிக்கும் போகலாம், வசிப்பிடத்தைக் காட்டிச் சென்னைக்கும் போகலாம். சித்தூர், திருப்பதிப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கேட்டால், ஆந்திராவுக்கு ஹைதராபாத் அலுவலகம்.

ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது. அண்ணனே பேச வேண்டும், காணொளி விசாரணையும் உண்டு. 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள். கம்பெனியின் இறுதிப் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், முப்பது நாளில் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. 47,000 ரூபாய்க்கு நான் ஆம்புட்ஸ்மேனைத்தான் சொல்வேன்.

நுகர்வோர் ஆணையத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 2019 சட்டத்துக்குப் பிறகு புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், எனவே கோவை மாவட்ட ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உங்கள் தொகைக்குக் கட்டணம் கிடையாது. மன உளைச்சலுக்கும் செலவுக்கும் தனியாகக் கேட்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும்.

கம்பெனிக்கும் கெடு உண்டு. 2024 ஜூனில் வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் சுற்றறிக்கைப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்த 7 நாளில் முடிவு. உங்களுக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. தேதி வாரியாக ஒரு பக்கம் எழுதிப் புகாரோடு இணைத்து, தாமதத்துக்கு வட்டியும் கேளுங்கள்.

வண்டியைக் கஞ்சிக்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குத் தூக்கி வந்த கிரேன் செலவு 6,500 என்கிறீர்கள். சாதாரண பாலிசியில் அதற்கு 1,500 ரூபாய்தான் உச்சவரம்பு. உங்கள் கணக்கில் அந்த 1,500-உம் வரவில்லை போலிருக்கிறது, அதையும் கேளுங்கள்.

பின்னால் சொல்கிறேன் என்ற அந்த 70,000. லாரிக்காரர் மீதுதான் தவறு என்றால், அண்ணனின் பாலிசி தராத பங்கை லாரியின் காப்பீட்டுக் கம்பெனியிடம் கேட்கலாம். அதற்கு இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அது உயிருக்கும் காயத்துக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், பொருள் சேதத்துக்கும் உண்டு. வசிக்கும் ஊரை வைத்துக் கோவை மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது, எனவே விடுபட்ட பங்கை மட்டும் கேளுங்கள். மோதியது நம் வண்டி என்பதால் இடைவெளி விடாமல் வந்தார் என்று எதிர்த் தரப்பு சொல்லும், தவறில் ஒரு பங்கு அண்ணன் தலையிலும் விழலாம். இதற்கு வக்கீல் வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருப்பதை மறந்துவிடாதீர்கள். ஜி.டி. என்ட்ரியில் லாரியின் எண் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. "அடுத்து திருச்சூரில் ஒரு பழைய கார் பார்த்திருக்கிறோம்" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி ஒருவர் அப்படித்தான் வாங்கினார். ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றினார், பாலிசியை மாற்றவில்லை. வேலந்தாவளம் பக்கம் ஒரு புளியமரத்தில் மோதினார். ஆர்.சி. ஒருவர் பெயர், பாலிசி இன்னொருவர் பெயர். எதிராளிக்கான காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும், சொந்தச் சேதத்துக்கானது அப்படி வராது. பதினான்கு நாளுக்குள் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். உச்ச நீதிமன்றம் 1996-இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் என் முன்னால் உட்கார்ந்து அழுதார், எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. வண்டியை ஓட்டி வருவதற்கு முன்னால் பாலிசியை மாற்ற எழுதிக் கொடுங்கள்.

இப்போதைக்கு மூன்று வேலை. நாளைக் காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் ரேடியேட்டரையும் கண்டென்சரையும் உங்கள் பெயர் எழுதி ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சர்வே அறிக்கை கேட்டு இன்றிரவே மின்னஞ்சல் அனுப்புங்கள். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள், கடிதத்தை நானே உட்கார்ந்து வரி வரியாக எழுதித் தருகிறேன்.